பின் டயர் மாற்றிய ஞாயிறு

போன வாரம் பொள்ளாச்சியில் என் வண்டியின் பழைய ஆயிலை வடித்தார்கள். அந்தக் கருகிய வாசனையில், மறையூருக்கு மேலே தேயிலைக்காட்டுக்குள் இருந்த தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்து வாசலுக்கே போய்விட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்து, பைக்கின் ஆயிலைப் பார்த்து, செயினைத் துடைத்து, டயரின் தேய்மானத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். அடுப்படியிலிருந்து அம்மா, "அந்தக் கை என்னைக்காச்சும் ஒரு பானையத் தேச்சிருக்கா?" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் பின் டயர் வழுக்கையாகிவிட்டது. "இத வச்சுக்கிட்டுப் புள்ளயப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போகாதீங்க. இன்னைக்கே மாத்திட்டு வாங்க" என்று அம்மாதான், கூடவே வருவேன் என்று அடம்பிடித்த என்னையும் சேர்த்து, எங்கள் இருவரையும் மறையூருக்கு அனுப்பினாள்.

புது டயரோடு இருட்டுகிற நேரத்தில் திரும்பினோம். லயம் இருந்த இடத்தில் மலை சரிந்து கிடந்தது. எஞ்சின் நின்றால் விளக்கும் அணைந்துவிடும் என்பதால் அப்பா அதை ஓடவிட்டு, வெளிச்சத்தைச் சேற்றின் மேல் திருப்பினார். "பாப்பா, ஹேண்டில ஆட்டாமப் பிடிச்சுக்கோ" என்றார். பிறகு அம்மாவை "மேரி, மேரி" என்று கூப்பிட்டபடி வெறுங்கையால் தோண்டத் தொடங்கினார். பெட்ரோல் தீரும்வரை நான் பிடித்துக்கொண்டே நின்றேன். தீர்ந்த பிறகும் இருட்டுக்குள் அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.