கண்ணாக்கரைக்கு இலக்கம் இரண்டு

வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆராய்ச்சி செய்கிற கம்பஸ் பிள்ளைகளுக்கெல்லாம் இர்ஷானாவைத் தெரியும். அக்கா முறை வைத்து 'டேட்டா ராத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். கேள்விக்கொத்துகளை உரப்பையில் கட்டிக்கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ராத்தா, கெதியா வேணும்" என்பார்கள். வருசம் முழுக்கத் தூங்கிவிட்டு இவள் தலையில் வந்து ஏறுகிற கூட்டம் அது. இவளும் திட்டித் திட்டியே எல்லாவற்றையும் புள்ளிவிபர மென்பொருளில் ஏற்றிக் கொடுத்துவிடுவாள். குறுக்கே ஓர் ஆளுக்கு ஒரு நிரை, நெடுக்கே ஒரு கேள்விக்கு ஒரு நிரல். கணவன் நளீர் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கப் போனதும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால், அவன் திரும்பி வரும்வரை எழும்ப மாட்டாள்.

இந்த முறை வேலை தந்தவர் மட்டக்களப்பு டவுனில் சின்னதாக ஓர் ஆய்வு நிலையம் நடத்துகிற சார்ள்ஸ் சேர். பூவரசந்துறைக்குச் சில வருடங்களுக்கு முன்னரே சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து ஊரான கண்ணாக்கரைக்கு இன்னும் உப்புக் கிணறுதான் கதி. கண்ணாக்கரை இர்ஷானாவின் ஊர். குழாய்த் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு இரத்த அழுத்தம், அதாவது பிறஷர், குறைவு என்று காட்டினால் கண்ணாக்கரைக்கும் திட்டம் தருவோம் என்று கொழும்பில் உள்ள ஒரு நிதி நிறுவனம் சொல்லியிருந்தது.

பூவரசந்துறைப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, இரண்டு ஊர்ச் சனத்தையும் வரவழைத்துப் பிறஷர் பார்த்தார்கள். "உங்கட ஊர் எது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பூவரசந்துறை என்றால் ஒன்று, கண்ணாக்கரை என்றால் இரண்டு. வேறு ஊர் சொன்னவர்களை விட்டுவிட்டார்கள். ஒரு நிரலில் அந்த இலக்கம், அடுத்த நிரலில் பிறஷர். இரண்டு குழுவும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். மென்பொருளுக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. ஒன்று என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு.

நிதி நிறுவனத்தாரோடு கூட்டம் நடப்பதற்கு முந்தின நாள் விடை வந்தபோது சார்ள்ஸ் சேர் போனிலேயே துள்ளினார். இரண்டு குழுவுக்கும் நடுவே அப்படி ஒரு வித்தியாசம். செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம்? அடுத்த வளவில் இருக்கும் தங்கை பஹீமாவுக்குத்தான் சந்தோசம் தாளவில்லை. வயிற்றில் பிள்ளை. கால் வீங்கி, பிறஷர் கூடி, மருத்துவமாதுவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் மறுநாள் இரண்டு மணிக்கு. காலையில் சார்ள்ஸ் சேர் ஒரு சின்ன வேலை சொன்னார். பாறூக் என்ற மேசனுடைய பிறஷர் மட்டும் பதிவில் வெறுமையாகக் கிடக்கிறது, கேட்டுப் போட்டுவிடட்டாம். இர்ஷானா அழைத்தாள்.

"பிறஷர் துண்டு ஊட்டதான் இரிக்கி தங்கச்சி. கொஞ்சம் நில்லுங்க, பைப்பத் திறந்துட்டு வந்துட்டன், பூட்டிட்டு வாறன்."

"பைப்பா? கண்ணாக்கரையில ஏது பைப்பு?"

"கண்ணாக்கரை என்ட ஊர். இரிக்கிற பூவரசந்துறையில, பொண்டாட்டிர ஊட்ட. கலியாணம் முடிச்ச நாள்ல இரிந்து இஞ்சதான்."

இர்ஷானா பாறூக்கின் நிரையைப் பார்த்தாள்; குடிப்பது குழாய்த் தண்ணீர், இலக்கமோ இரண்டு. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான். பேரப்பிள்ளை கண்டு தாடி நரைத்த பிறகும் ஊரைக் கேட்டால் உம்மாவின் ஊரைத்தான் சொல்வான். ஆண்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்லியிருப்பார்கள்! பூவரசந்துறை வசதியான ஊர். கண்ணாக்கரையிலிருந்து அங்கே மாப்பிள்ளையாகப் போனவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல.

அவசரமாக ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தாள். இரண்டாம் குழு முழுக்க ஆண்கள் அடைந்து கிடந்தார்கள். முதலாம் குழுவில் பார்த்த இடமெல்லாம் பெண்கள். எந்த ஊரிலும் ஆண்களுக்குத்தான் பிறஷர் கூட. அப்படியானால் இவ்வளவு நாளும் ஒப்பிட்டது தண்ணீரை அல்ல, ஆண்களையும் பெண்களையும்.

பாறூக்கின் பிறஷரை அடித்துவிட்டு மூடிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. கை விசைப்பலகைக்கு மேலேயே நின்றது. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பாலிருந்து பஹீமா கூப்பிட்டாள்.

"ராத்தா, இண்டைக்குத்தானே கூட்டம்? கிடைச்சிரும்தானே?"

இர்ஷானா கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். கண்ணாக்கரைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவளைவிட ஆசைப்பட்டவர் யார்? ஆனால் பொய் என்று தெரிந்த பிறகு அந்த விடையை அவளால் பார்க்கவே முடியவில்லை. போனை எடுத்தாள்.

சார்ள்ஸ் சேர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இர்ஷானா, உங்கட ஊருக்குத்தான் தண்ணி இல்லாமப் போகும். விளங்குதா?"

"விளங்குது சேர்."

"அப்ப ஆம்பிளைகள் எல்லாருக்கும் போன்ல கோல் எடுத்து, எந்தத் தண்ணி குடிக்கிறாங்க எண்டு கேளுங்க. கூட்டத்துக்கு முதல் எனக்கு வேணும்."

அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை எடுத்தாள். பாண் விற்று முடித்து வந்த நளீரையும் பிடித்து உட்கார்த்தினாள்.

"நீங்க எந்த ஊர் எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஏறாவூர்."

"தின்ற, குடிக்கிற, படுக்கிற எல்லாம்?"

"இஞ்சதான்."

"அப்ப?"

"அப்பயும் ஏறாவூர்தான்," என்றான் நளீர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இருவரும் ஆளுக்கொரு போனில் மாறி மாறிக் கேட்டார்கள். "ஊர் வேணாம், எந்த ஊட்டுத் தண்ணி குடிக்கிறீங்க?" சிலர் கடலில், சிலர் வயலில், அவர்களுக்குப் பதிலாக மனைவிமார் சொன்னார்கள். இரண்டு ஒன்றாகியது, ஒன்று இரண்டாகியது. கடைசி ஆளையும் மாற்றிவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். வித்தியாசம் இல்லை. மறுபடி அழுத்தினாள். இயந்திரத்துக்கு இரக்கமா வரப்போகிறது? அதே விடைதான் வந்தது.

கூட்டம் முடிந்து சார்ள்ஸ் சேர் அழைத்தபோது பின்னேரமாகிவிட்டது.

"திட்டம் இல்ல. இன்னொரு ஆய்வு செய்துகொண்டு வரட்டாம். அந்தப் பொய்ய வச்சு வாங்கியிருந்தா எனக்கு நித்திரை வந்திருக்காது. உண்மையச் சொல்லியும் இண்டைக்கு நித்திரை வரப்போறதில்ல."

இர்ஷானா தானாகவே வேலியைக் கடந்து தங்கையின் வீட்டுக்குப் போனாள். ஊர் வந்து சொல்வதற்கு முன் தான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். தலைகீழாகப் போன கணக்கை விளங்கப்படுத்தினாள். கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருந்த பஹீமா கடைசிவரை கேட்டாள்.

"அப்ப பைப்புத் தண்ணி குடிச்சா பிறஷர் குறையாதா ராத்தா?"

"குறையுது எண்டு காட்ட ஏலல்ல."

"குறையாட்டிப் போகுது. இந்தக் கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி ஊத்தினாலும் உப்புக் கரிக்கிது. வந்த சேர்மார்ல ஒராள் ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிரிக்குமே. அதுக்கு என்னத்துக்கு ரெண்டு ஊரையும் போட்டு ஒப்பிட்ட?"

வயது, தொழில், உறக்கம், உடற்பயிற்சி என்று எத்தனையோ நிரல்களை இர்ஷானா அடித்திருந்தாள். தண்ணீரை வாயில் வைக்க முடிகிறதா என்று ஒரு நிரல் இருக்கவில்லை. அது இல்லையே என்று அவளுக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் அவள். தங்கையின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.