தோலுக்குள் ஒரு கோடு

ஐந்து மாதக் குழந்தையின் உள்ளங்காலில் கொப்புளங்கள் கண்டதும் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். மயிரிழை போல ஒரு கோடு; அதன் முனையில் ஒரு கரும்புள்ளி.

“அதுதான் தாய்ப்பூச்சி. தோலைக் குடைஞ்சிக்கிட்டே போகும், போற வழியெல்லாம் முட்டை போடும். சிரங்குதான், பயப்படாதீங்க. வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல கிரீம் பூசணும். அரிச்சாலும் சரி, அரிக்காட்டியும் சரி.”

குழந்தைக்குப் பூசினேன். கணவருக்குப் பூசினேன். நான் பூசிக்கொள்ளவில்லை. எனக்கு அரிப்பில்லை; மருந்து பாலில் இறங்கிவிடுமோ என்ற பயம் வேறு. டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழியைச் சேலைமேல் போட்டேன். கிள்ளானில் இருக்கும் நாத்தனார், ஸ்பிரிங் தொட்டிலில் கட்டுவதற்குக் கொடுத்த சேலை அது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதில்தான் தூங்கி வளர்ந்தார்கள். அதைக் கறுப்புப் பையில் முடிந்து குப்பையில் போட்டுவிட்டு, என் சேலை ஒன்றைக் கட்டினேன்.

மூன்று வாரத்தில் கோடுகள் திரும்பி வந்தன. மறுபடியும் கிளினிக்குக்குப் போய்ச் சேலைக் கதையைச் சொன்னேன்.

“அலமாரியில வருஷக்கணக்கா கிடந்த சேலையா?” டாக்டரம்மா சிரித்துவிட்டார். “மனுஷ உடம்பு இல்லன்னா அதுங்க நாலஞ்சு நாள்ல செத்துடும்லா. நீங்க பூசிக்கிட்டீங்களா?”

தலையாட்டி மறுத்தேன்.

“பால் கொடுக்கிறவங்களும் பூசலாம்மா. சிலருக்கு ஒன்றரை மாசம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது.”

வேலையாக ஜொகூர் போயிருந்த கணவர் மறுநாள்தான் வருவார். அவர் வந்ததும் மூவரும் ஒன்றாகப் பூச வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் என் விரலிடுக்குகளைப் பார்த்தேன். இடது கை மோதிர விரலின் அடியில் சாம்பல் நிறத்தில் சிறு கோடு. வெறும் சுருக்கமாக இருக்கலாம். அதன் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.

காலையில் மை மங்கியிருந்தது. கோடு புள்ளியைத் தாண்டியிருந்தது.

அந்தக் கையால்தான் இரவு முழுக்கக் குழந்தையைத் தாங்கியிருந்தேன். துளிகூட உணரவில்லை.

அன்று மூவரும் பூசினோம், ஒரு வாரம் கழித்து மறுபடியும். குழந்தை சொறிவதை நிறுத்திவிட்டான். எனக்கு அப்போதுதான் அரிக்கத் தொடங்கியது. பூச்சிகள் செத்த பிறகும் சில வாரம் அரிக்குமாம்; செத்தவை உள்ளேதான் கிடக்குமாம்.

நாத்தனார் கிள்ளானிலிருந்து போன் செய்தார்.

“புள்ள நம்ம சேலையில நல்லா தூங்குறானா?”

“தூங்குறான் அண்ணி,” என்றேன், விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே.