பள்ளிவாசலில் நான் மாற்றி வாசித்த வசனம்

மீனாட்சிபுரத்திலிருந்து உடுமலை வழியாக மூணாறு போகலாமா என்று இந்த வலைப்பதிவில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். நான் அந்த வழியில் முதன்முதலாகப் போனது எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில், சினிமா புரொஜெக்டரோடு. வழி கேட்டவர்களுக்கு அந்தக் கதையும் சேர்ந்தேதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் சித்தூரில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். என் வீட்டுக்காரர் மீனாட்சிபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாலக்காட்டில் சில ஆசிரியர்களும் வியாபாரிகளும் சேர்ந்து மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் போடுவார்கள். டிக்கெட்டில் வருவது யாராவது கஷ்டப்பட்டவர்களுக்குப் போகும். டெல்லியிலிருந்த தூதரகங்கள் படப்பெட்டிகளை ரயிலில் இரவலாக அனுப்பும். ஜப்பான், ஹங்கேரி, சுவீடன் என்று ஏதேதோ நாட்டுப் படங்கள். திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடும். அதைப் படித்து அந்தக் கணமே தமிழில் மைக்கில் சொல்வது என் வேலை. புரொஜெக்டர் ஓட்டுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து வெளியே போனதெல்லாம் இந்தப் பெட்டிகளோடுதான்.

முந்தைய ஆடியில், மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மண் சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்று அப்படியே புதைந்துபோனது. ஆறு குடும்பங்கள். எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரமாதலால் தப்பினார்கள். காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த ஒருவர் மட்டும் உள்ளே போய்விட்டார். எஸ்டேட்டின் பெயரை இங்கே எழுதவில்லை.

அந்தக் குடும்பங்களுக்காகப் பாலக்காட்டில் இரண்டு காட்சிகள் போட்டோம். வசூலில் கம்பளியும் பாத்திரமும் வாங்கி, அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்து, படத்தையும் அவர்களுக்கு இலவசமாகக் காட்டுவது என்று முடிவாயிற்று. படம் செக்கோஸ்லோவாக்கியா நாட்டுடையது. அதன் பெயர் கடைசிவரை என் வாயில் நுழையவில்லை. நிலக்கரிச் சுரங்கம் ஒன்று இடிந்து விழுகிற கதை. இதையா அங்கே கொண்டுபோவது என்று எங்கள் குழுவின் செயலாளரிடம் கேட்டேன். அவர் ஜவுளிக்கடை வைத்திருந்த அனீபா ராவுத்தர்.

“தொழிலாளிகளோட படமாக்கும், டீச்சரே. அவங்களுக்குப் பிடிக்கும். பின்னே, கைவசம் வேற படமும் இல்லை” என்றார்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அங்கிருந்து உடுமலை முப்பது. உடுமலையில் மூணாறு பஸ் ஒன்பது நாற்பதுக்கு. டிக்கெட் ஆளுக்கு நாலு ரூபாய் சில்லறை, பெட்டிகளுக்குத் தனியாக இரண்டு ரூபாய். கண்டக்டர் புரொஜெக்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“உள்ள என்னங்க?”

“சினிமாங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“யாரு நடிச்சதுங்க?”

“வெளிநாட்டுப் படமுங்க. நமக்குத் தெரிஞ்ச ஆளு யாருமில்லீங்க.”

“சண்டை இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குங்க இத்தனை கனம்?”

சின்னாறு செக்போஸ்டில் அரை மணி நேரம் நின்றோம். அதுவரை வறண்ட முள்காடு, அதற்குமேல் மறையூர்க் கரும்பு, அதற்கும்மேல் தேயிலை. எண்பத்தைந்து கிலோமீட்டருக்குள் மூன்று ஊர்க் காற்று மாறுவதைச் சட்டைக்குள் உணரலாம். மூணாறில் இறங்கும்போது மணி இரண்டேகால். அங்கிருந்து பள்ளிவாசலுக்கு எட்டு கிலோமீட்டர், எஸ்டேட் ஜீப்பில். ஆபீஸ் தலைமைக் கிளார்க் வீட்டில் தங்கினோம். குளிரில் என் பற்கள் அடித்துக்கொண்டதை என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

மறுநாள் இரண்டு காட்சிகள். எஸ்டேட்டின் மேல்பகுதியான மேல் டிவிஷன்காரர்களுக்குப் பதினோரு மணிக்கு, கீழ் டிவிஷன்காரர்களுக்கு மூன்று மணிக்கு. எஸ்டேட் பொழுதுபோக்கு மன்றத்தின் ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி கட்டி இருட்டாக்கினோம். முதல் காட்சி தொடங்குவதற்கு முன் கிளார்க் என்னிடம் குனிந்து, முன்வரிசையைக் காட்டினார்.

“அந்த நீலச் சேலைதான் சண்முகத்தாய். மண்ணுல போனவரோட சம்சாரம். ரெண்டு மூணு நாள்ல தோண்டுறத நிறுத்தச் சொல்லிட்டாங்க. உடம்புகூடக் கிடைக்கல.”

முப்பது வயதுகூட இருக்காது. மடியில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் ஒன்று. குழந்தையின் ஜடையைப் பின்னிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் சுரங்கம் இடிந்த மூன்றாம் நாள், இனித் தோண்ட வேண்டாம் என்று அதிகாரி ஒருவர் அறிவிப்பார். உள்ளே அகப்பட்டவனின் மனைவி அவர் அறைக்குள் நுழைந்து சொல்லுவாள்: “நேற்றுச் சாயங்காலம்வரை உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. நான் உங்களிடம் வந்து சொன்னேன். காதில் விழாதது போல இருந்தீர்கள். அவன் சுரங்கத்தால் சாகவில்லை. நீங்கள் நிறுத்தியதால் செத்தான்.” பாலக்காட்டில் இரண்டு தடவை இதைக் குரல் நடுங்காமல் வாசித்திருக்கிறேன்.

இங்கே அந்த எழுத்து திரையில் வந்தபோது நீலச் சேலையைப் பார்த்தேன். வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது. “எல்லாம் விதி ஐயா. இனி என் பிள்ளைகளை நான் பார்க்கணும்.”

அவ்வளவுதான். ரீல் ஓடியது. காட்சி முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பெரிய மனுஷி என் கன்னத்தைத் தொட்டு, நல்லாச் சொன்னே தாயி என்றாள். எனக்கும் நல்லது செய்துவிட்டோம் என்றுதான் இருந்தது.

இவர் ரீல்களைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தபோது சண்முகத்தாய் குழந்தைகளைக் கூடத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“டீச்சர், ஆபீசருகிட்டப் போயி அந்தப் பொம்பள என்ன சொன்னா?”

“விதின்னு சொன்னா” என்றேன்.

“இல்ல. அவ வாய் ரொம்ப நேரம் அசஞ்சுச்சு. நீங்க ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீக. விதின்னு சொல்லுதவ அப்படி விரல நீட்டமாட்டா.”

இவர் சுற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பொய்யை மாணவி கண்டுபிடித்துவிட்டது போலிருந்தது. சொல்லிவிட்டேன், ஒரு சொல் விடாமல்.

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தட்டுற சத்தமா?”

“ஆமா.”

“நானுங் கேட்டேன் டீச்சர். அடுப்பாங்கரைப் பக்கமிருந்து சட்டியத் தட்டுற மாதிரி. ரெண்டாம் நாளு. தொரைகிட்டயும் சொன்னேன். மழைச் சத்தம்னாக. புருசன் போன கிறுக்குல பேசுதான்னாக. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஆறு மாசமா அந்தச் சத்தம் நெசமா, நாந்தான் கிறுக்கியான்னு கெடக்கேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வேற தேசத்துலயும் ஒருத்தி கேட்டிருக்கா. அத ஏன் டீச்சர் எங்கிட்ட மறைச்சீக?”

நீ அழுதுவிடுவாய் என்று நினைத்தேன் என்று சொன்னேன்.

“அழுறதுக்கு எனக்குப் படம் வேணுமா?”

மூணு மணிக் காட்சிக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கிளார்க் சொன்னார், மூன்று மணிக்கு மேனேஜரும் அவர் மனைவியும் வருவார்கள் என்று. தேடலை நிறுத்தச் சொன்ன அதே மேனேஜர்; சண்முகத்தாய் சொன்ன தொரை அவர்தான். சாப்பிட்டெழுந்ததும் இவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“ஏனுங்க, என்ன பண்றது?” என்றேன்.

“என்ன எழுதியிருக்குதோ அதப் படி கண்ணு.”

“கிளார்க்குக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நம்மள உள்ள விட்டது அவருதானுங்களே.”

இவர் கிளார்க்கிடமே போய் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் வெற்றிலையை மென்றபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். “எனக்கு இங்கிலீஷ் அத்தனை வேகமா வராது. படத்துல என்ன இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?” என்றார்.

மூன்று மணிக்கு மேனேஜருக்கும் மனைவிக்கும் கூடத்தின் பின்பக்கம் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சண்முகத்தாய் இந்தத் தடவை நடுவில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் வந்தது. வாசித்தேன். குரல் நடுங்கியது, ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. “நீங்கள் நிறுத்தியதால் செத்தான்” என்று முடித்தபோது சண்முகத்தாய் எழுந்து நின்றாள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவள் தலை திரையின் கீழ் ஓரத்தில் நிழலாக விழுந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: “இவ அன்னைக்கே சொன்னாளே, நாமதான நம்பல.”

படம் முடிந்து ஜன்னல் கம்பளியை அவிழ்த்தபோது பின்னால் இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. சண்முகத்தாயைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாங்கள் கம்பளி, பாத்திரங்களைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தோம். அந்த மன்றம் பிறகு எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிளார்க்குக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு கார்டு வந்தது. அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. பெண்கள் நான்கு நாள் கொழுந்து பறிக்கப் போகாமல் உட்கார்ந்ததாகவும், ஆபீஸ் இறங்கிவந்து ஆட்களை விட்டுத் தோண்டியதாகவும் இருந்தது. “அடுப்பங்கரைப் பக்கம்தான் கிடைத்தார். கூடச் சட்டியும் இருந்தது. எல்லோரும் வந்து அந்தச் சரிவிலேயே அடக்கம் பண்ணி ஒரு கல் நட்டோம். இப்போது நான் தூங்குகிறேன்.”

அதற்குப் பின் ஐந்தாறு வருஷம் படங்களுக்கு வாசித்தேன். இரக்கப்பட்டு மாற்றத் தோன்றிய இடங்கள் நிறைய வந்தன. அன்று காலை நான் செய்தது இரக்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அன்று தேவைப்பட்ட ஒரே சாட்சியை அந்த இரக்கம் அவளிடமிருந்து மறைத்துவிட்டது. அவள் மட்டும் வாயசைவைக் கவனிக்காமல் இருந்திருந்தால், இன்றும் அந்தச் சத்தம் நிஜமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு கிடந்திருப்பாள்.

சரி, போகிறவர்களுக்கு. உடுமலையைக் காலை எட்டுக்குள் விட்டுவிடுங்கள். சின்னாறு வனச்சாலையில் நேரக் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மறையூரில் சாப்பிட்டுக்கொள்வது நல்லது, அதற்குமேல் நாற்பது கிலோமீட்டர் வளைவுகள். தை மாதமென்றால் ஸ்வெட்டர் கட்டாயம். பள்ளிவாசலில் மின்நிலையத்தைத் தாண்டி மேலே ஏறும் சாலையில் சரிவான தேயிலைக் காடு ஒன்று வரும். காட்சி அழகாக இருப்பதால் எல்லோரும் அங்கேதான் வண்டியை நிறுத்துகிறார்கள். தேயிலைச் செடிகளுக்கிடையில் முழங்கால் உயரத்தில் ஒரு கல் நட்டிருக்கும். எழுத்து எதுவும் கிடையாது. தெரியாமல் பலர் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் உட்காராதீர்கள்.