மதில் தாண்டி வந்த வாடகைப் பெட்டி

ஏழு வருஷம் இருக்கும். குளச்சலுக்குக் கிட்டத்தில், கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கிறது எங்கள் ஊர். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்த நேரம். அப்போது நான் செய்த ஒரு கோட்டித்தனத்தை, பைத்தியக்காரத்தனத்தை, இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வாசிக்கிறவர்களுக்கு என் முகம் தெரியாது என்கிற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அந்த வீட்டுக்காரியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். ஒரே வருஷம் கல்யாணம் முடிந்தது. அவள் மாப்பிள்ளை வளைகுடாவில் மீன்பிடிப் போட்டில் வேலைக்குப் போனார். என் வீட்டுக்காரர் இங்கேயே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனார். என் வயிற்றெரிச்சல் அங்கே ஆரம்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் என் அடுக்களை ஜன்னலுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு வாஷிங் மெஷின் வந்த அன்று நான் துவைகல்லில் துணியை அடித்த அடியில் என் வீட்டுக்காரரின் சட்டை ஒன்று கிழிந்தேபோனது.

அப்புறம் அவள் மொட்டைமாடியில் டிஷ் வந்தது. லீவில் வந்திருந்த மாப்பிள்ளை வாங்கி மாட்டியது. அதுவரை ஊரில் எல்லோருக்கும் கேபிள்தான். கேபிள்காரர் ஒரு பெட்டி தருவார். பெட்டி நமக்குச் சொந்தம் இல்லை, இணைப்பு இருக்கிற வரைக்கும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேலேயே ஸ்டிக்கரில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருப்பார்கள். எனக்கு அது ஒரு நாளும் குறையாகத் தெரிந்ததில்லை, அவள் அந்த ஒரு வார்த்தை சொல்கிற வரைக்கும்.

மீன் வாங்க நின்றபோது சொன்னாள். "இது நம்ம சொந்த சாமானாக்கும். வாடகப் பெட்டின்னா எப்ப வேணும்னாலும் தூக்கிட்டுப் போயிருவாவல்லா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்த ஸ்டிக்கர் மேல் மாதா படம் ஒன்றை ஒட்டினேன். அதிலும் மனசு ஆறவில்லை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அந்த டிஷ் வெள்ளை வெளேர் என்று கண்ணில் படும். காகம் அதில் உட்கார்ந்து எச்சம் போட்டால் எனக்கு அன்றைக்கு முழுவதும் ஒரு சந்தோஷம். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரரிடம் நாமும் டிஷ் வாங்குவோம் என்று நச்சரித்தேன். அவருக்கு அதில் இஷ்டமே இல்லை. "சொந்தம்னா என்னன்னு வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கினவன்ட்ட கேளு. பெட்டி கெட்டா கேபிள்காரன் மாத்தித் தருவான். டிஷ் கெட்டா நாமதான் பாக்கணும். இந்த உப்புக் காத்துக்கு இரும்பு எத்தன நாள் நிக்கும்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் வள்ளத்தைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நாகர்கோவிலில் ஆபரேஷன் முடித்து வீட்டுக்கு வந்தோம். மூன்று மாசம் கட்டிலை விட்டு அசையக்கூடாது, தூக்கிக்கொண்டும் எங்கேயும் போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்த வருஷத் திருவிழாவின் எட்டாம் நாள், எங்கள் ஒரே மகளுக்கு முதல் திருவிருந்து. வெள்ளைக் கவுனும் கிரீடமும் போட்டு, முதன்முதலாகக் கோயிலில் நன்மை அப்பம் வாங்கப் போகிற நாள். எங்கள் கடற்கரையில் கல்யாணத்துக்கு அடுத்த பெரிய விசேஷம் அதுதான்.

ஆனாலும் அவர் மனசைத் தேற்றிக்கொண்டார். திருவிழாவின் பத்து நாளும் கேபிள்காரர் தன் உள்ளூர் சேனலில் நேரடியாகக் காட்டுவார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள் எல்லாம் அதில்தான் பூசை பார்ப்பார்கள். "நீ போயி கூட நில்லு. நா கேபிள்ல பாத்துக்கிடுதேன்" என்று என்னிடம் சொன்னார். மகளோ அப்பா பார்க்கப் போகிறார் என்று கட்டிலின் முன்னால் தினமும் கைகூப்பி நடந்து ஒத்திகை பார்த்தாள்.

இதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் என் மண்டைக்குள் ஓடியது வேறு. திருவிழாவுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்போம், சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், வருகிறவர்கள் மாடியைப் பார்ப்பார்கள். அவள் மாடியில் டிஷ் இருக்கும், என் மாடியில் ஒன்றும் இருக்காது. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. அவர் படுக்கையில் கிடக்கிறார், தடுக்க ஆளில்லை. ஆள் கூப்பிட்டு டிஷ் மாட்டிவிட்டேன். மாட்ட வந்தவரிடம் அடுத்த வீட்டு டிஷ்ஷைவிட உயரமாக வைக்கச் சொன்னேன். உயரத்துக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லை, திசைதான் முக்கியம் என்று அவர் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. நீளமான பைப் வைத்துத்தான் மாட்ட வைத்தேன். கேபிளில் வருவதெல்லாம் இதிலும் வரும் என்று கட்டிலில் கிடந்தவரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் கேபிள்காரரின் பெட்டியைத் துடைத்துப் பையில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பெட்டியைக் கையில் வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"அக்கா, திருவிழா கழிஞ்ச பெறவு தந்தா போராதா?"

ஒரு இணைப்பு போகிறதே என்று கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். "எங்க வீட்ல இப்ப சொந்த டிஷ் ஆக்கும். ஒங்க வாடக சாமான் எதுக்கு?" என்று மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தேன். மேலே எதுவும் சொல்ல வந்தாரோ என்னவோ, நான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. வரும் வழியில் அடுத்த வீட்டு வாசலில் வேண்டுமென்றே நின்று, டிஷ்ஷில் எத்தனை சேனல் என்று அவளிடம் கதை அளந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள். அவள் முகம் கறுக்கும் என்று பார்த்தேன், கறுக்கவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

திருவிழா தொடங்குகிற கொடியேற்றத்து அன்று சாயங்காலம் வெடிச் சத்தம் கேட்டதும் அவர் ரிமோட்டை எடுத்தார். ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே போனார். ஏதேதோ பாஷையில் எல்லாம் ஆள்கள் பேசினார்கள். எங்கள் கோயில் மட்டும் வரவில்லை.

"இருக்கும், இன்னும் கீழ போயிப் பாருங்க" என்றேன். எனக்கு கேபிள் என்றாலும் டிஷ் என்றாலும் ஒன்றுதான். இத்தனை நூறு சேனல் வருகிறபோது நம்ம கோயில் வராமலா இருக்கும் என்று நினைத்திருந்தேன். கடைசியில் கம்பெனிக்கு போன் போட்டேன். எங்க கோயில் கொடியேற்றம் ஏன் வரவில்லை என்று நான் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். அந்தப் பக்கம் பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, உள்ளூர் கேபிள்காரர் நடத்துகிற சேனல் டிஷ்ஷில் வராது, கேபிள் பெட்டியில் மட்டும்தான் வரும் என்று சொன்னாள்.

போனை வைத்தேன். அவர் ரிமோட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மகள் வந்து, "அப்போ அப்பா என்னப் பாக்க மாட்டாவளா?" என்று கேட்டாள்.

விடிந்ததும் கேபிள்காரரிடம் ஓடினேன். என் பெட்டி நான் கொடுத்த அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போய்விட்டதாம். திருவிழா நேரம், எல்லோரும் கேட்கிறார்கள், கையில் ஒரு பெட்டிகூட இல்லை, புதுசு வர இரண்டு வாரம் ஆகும் என்றார். அவர் முகத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுவும் எனக்கு வலித்தது. எங்கள் திருவிழா அப்போது யூடியூப்பில் எல்லாம் வராது. கோயிலுக்குள் போனைத் தூக்கினால் பங்குச் சாமியார் மைக்கிலேயே ஏசிவிடுவார். வேறு வழியே தெரியவில்லை.

இதில் இன்னொரு கூத்து. மூன்றாம் நாள் மாலை அடுக்களையில் நிற்கிறேன், மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் சாமியாரின் பிரசங்கம் கேட்கிறது. அவள் வீட்டு டிவியில் இருந்து. டிஷ் வாங்கியும் அவள் கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை! அவளுக்குச் சொந்தமும் இருக்கிறது, வாடகையும் இருக்கிறது. எனக்கு ஒன்றை வாங்கப் போய் மற்றதும் போனது. அன்றைக்கு எரிந்த எரிச்சலில் மீன்குழம்பு அடிபிடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனேன். டிஷ்ஷைப் பற்றி நான் அளந்த கதை நினைவுக்கு வந்து, இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன். என் மகளின் அப்பாவுக்குக் கிடைக்க வேண்டியதை என் வீம்புதான் மறித்துக்கொண்டு நின்றது.

எட்டாம் நாள் வந்தது. மகளுக்குக் கவுன் போட்டுவிட்டு, தலையில் கிரீடம் வைத்துப் பின் குத்திக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் இருந்தபடியே அவளைக் கிட்டக் கூப்பிட்டு நெற்றியில் சிலுவை போட்டார். "அப்பா மனசுல பாத்துக்கிடுதேன் மக்கா" என்றார்.

அப்போது மதில் பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கேபிள்காரர் மதில்மேல் ஏறி நின்று அந்த வீட்டு வயரை எங்கள் ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார். அவள் பட்டுச் சேலையோடு, ஒரு துவர்த்துத் துண்டில் பெட்டியைப் பொதிந்து இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நிற்கிறாள்.

"ஏட்டி, பேசாண்டு நிக்கியே, வழி விடு. பூசைக்கு நேரமாச்சு" என்று உள்ளே வந்தாள்.

நான் கம்பெனிக்காரியிடம் போட்ட சத்தம் முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நானே வந்து கேட்பேன் என்று இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள். நான் வருவதாக இல்லை என்று தெரிந்ததும், முந்தின நாள் கேபிள்காரரிடம் போய் வயரை இழுக்க முடியுமா என்று கேட்டு ஏற்பாடு செய்துவிட்டாள். "ஒனக்குப் பெட்டி வேண்டாமா? ஒங்க வீட்ல யாரும் பாக்காண்டாமா?" என்றேன். அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். அப்போதுதான் தெரிந்தது, அவள் வாடகைப் பெட்டியை ஏன் விடவில்லை என்று. திருவிழாவின் ஒவ்வொரு நாளும் வீடியோ கால் போட்டு, போனை டிவிக்கு முன்னால் பிடித்துத்தான் மாப்பிள்ளைக்குப் பூசை காட்டுவாளாம். லீவு முடிந்து போகும்போது அவர் சொன்னது இது ஒன்றுதானாம்: "டிஷ் இருந்தாலும் அந்தப் பெட்டியக் குடுத்துராத."

பெட்டியை மாட்டியதும் எங்கள் கோயில் பீடம் டிவியில் தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் என் அரிசி டின்மேல் அவள் போனைச் சாய்த்து வைத்தாள். வளைகுடாவில் அப்போதுதான் விடிகிற நேரம். கட்டிலில் என் வீட்டுக்காரர், போனுக்குள் அவள் வீட்டுக்காரர், இரண்டு பேரும் ஒரே டிவியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மகளை நடுவில் விட்டுக் கோயிலுக்கு நடந்தோம்.

வழியில் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "வாடகப் பெட்டி, எப்ப வேணும்னாலும் தூக்கிட்டுப் போவாவன்னு நீ அன்னைக்கு சொன்னது எனக்கு எப்பிடி இருந்துன்னு தெரியுமா?"

"நா எப்பட்டி அப்படிச் சொன்னேன்?" என்றாள். நடிக்கவில்லை. உண்மையிலேயே அவளுக்கு நினைவில்லை. அந்த ஒரு வார்த்தையை ஒரு வருஷம் ஊதி ஊதி நெருப்பாக வைத்திருந்தது நான் மட்டும்தான்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். இரண்டு ஆண்களும் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர், "முட்டுக்கால் போடும்போ பிள்ளைக்க கிரீடம் சரிஞ்சு போச்சு, அவளே நேராக்கிக்கிட்டா, நீ கண்டியா?" என்று கேட்டார். நான் காணவில்லை. கோயிலுக்குள்ளேயே இருந்தும் எனக்குத் தெரிந்தது முன்னால் நின்ற பெண்ணின் முதுகுதான். அவர் எல்லாம் பார்த்திருந்தார். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் அந்தப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. அவள் மாப்பிள்ளைக்கும் பூசை எங்கள் டிவியில்தான் நடந்தது. இப்போது எங்களுக்கும் ஒரு வாடகைப் பெட்டி இருக்கிறது. அந்த டிஷ் அவர் சொன்ன மாதிரியே உப்புக் காற்றில் துரு ஏறி மாடியில் நிற்கிறது. காகம் உட்காருகிறது. அன்று இழுத்த வயரில் ஒரு துண்டை மட்டும் நான் மதில்மேலிருந்து எடுக்க விடவில்லை.

போன மாசம் அவள் வீட்டுக்குப் புது ஏசி வந்தது. என் வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுக்களை ஜன்னலில் நின்று அந்த வயர்த் துண்டைப் பார்த்ததும், என் வீட்டுக்காரர் மகளைக் கண்டது யார் கொண்டுவந்த பெட்டியில் என்பது நினைவுக்கு வர, கையைத் துடைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் "நல்லா இருக்குட்டி" என்று மனசாரவே சொல்லிவிட்டு வந்தேன்.