யோசிக்கப் பழகிய பத்து நாள்

குடும்பத் தலைவி உத்தியோகத்தில் மூளைக்கு வேலை கம்மி, வாய்க்குத்தான் ஜாஸ்தி. சாக்ஸ் எங்கே, சாவி எங்கே, கறிவேப்பிலை இருக்கா என்று காலையிலிருந்து யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் எல்லாருக்கும் பதில் சொல்லி முடித்தாக வேண்டும். இப்படியே வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான். யோசிப்பதும் கோலம் போடுவது மாதிரியாம், பழகப் பழகத்தான் வருமாம். பழகிப் பார்த்தேன்.

கேட்டு முடிப்பதற்குள்

என் மகள் கீர்த்தனா உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். முதல் வருஷம் முடித்திருக்கிறாள். போன வருஷம் பிளஸ் டூ முடித்த கையோடு, "அம்மா, வேலூர்ல நர்சிங்..." என்று ஆரம்பித்தாள். "வேணாம்" என்றேன். அப்போது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர அந்தப் பதிலுக்கு இன்றைக்கும் எனக்கு வேறு காரணம் தெரியாது. அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் அக்கவுண்டன்சி புத்தகத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த வருஷம் மறுபடியும் வந்து நின்றாள். பி.காமை விட்டுவிட்டு நர்சிங் சேர வேண்டும், இன்னும் பத்து நாளில் சேர்க்கை முடிகிறது. அவள் அப்பா எதைக் கேட்டாலும் "அம்மாவைக் கேளு" என்கிற ரகம். நான் வாயைத் திறந்தேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"போன தடவை நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள வேணாம்னுட்ட. இந்தத் தடவை பத்து நாளும் எடுத்துக்கோம்மா. யோசிச்சுட்டு வேணாம்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

நூறு தடவை

யோசிக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று சொன்னால் பாவம் வரும். கான்வென்ட்டில் ஏழாம் வகுப்பு சிஸ்டர் கேள்வியை முடிப்பதற்குள் நான் எழுந்து, தப்பான பதிலைச் சொல்லி, உட்கார்ந்தும் இருப்பேன். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "திங்க் பிஃபோர் யூ ஸ்பீக்" என்று நூறு தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

நான் சாமர்த்தியக்காரி. பக்கம் பக்கமாக முதலில் "திங்க்" மட்டும் மேலிருந்து கீழே. அப்புறம் "பிஃபோர்". அப்புறம் மற்ற இரண்டும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சிஸ்டர் பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அவசரத்தில் எண்ணிக்கை தவறி, கடைசி மூன்று வரியில் மட்டும் "திங்க்" இல்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"உன்கிட்ட என்ன இல்லையோ அது நோட்லயும் இல்ல."

தோசை ஆறும்வரை

எங்கள் வீட்டில் யோசிப்பதில் கெட்டிக்காரர் என் கணவர். அரசாங்க ஆபீஸில் வேலை. காபியா டீயா என்று கேட்டாலே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது வெளியே எதற்கு என்று, இரண்டாம் நாள் காலை தட்டில் தோசையைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"ஏங்க, நீங்க யோசிக்கறீங்களே, அப்ப உள்ள என்னதான் பண்ணுவீங்க? எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க?"

சுவரைப் பார்த்தார். தோசை ஆறியது. இரண்டாவது தோசையும் ஆறியது. நான் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகத் திரும்பினார்.

"நான் எங்க யோசிக்கறேன்? எப்படியும் நீயே பதில் சொல்லிடுவ, அதுவரைக்கும் சும்மா இருக்கேன்."

பத்து எண்ணுதல்

சரி, இனி யார் எது கேட்டாலும் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் பதில் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நாலாம் நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, பௌர்ணமிக்கு நாங்க அஞ்சு பேர் வரலாம்னு இருக்கோம். மலை சுத்திட்டு உங்க வீட்ல படுத்துக்கட்டா?"

மாசாமாசம் கேட்பதுதான், மாசாமாசம் "வாங்க வாங்க" என்பதுதான். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நாலிலேயே வரட்டும் என்று தீர்மானித்துவிட்டேன். ஆறில் பாய் போதுமா என்றுகூட யோசித்தேன். ஆனால் சட்டம் சட்டம்தானே, பத்து வரை போக வேண்டாமா? ஒன்பதில் அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது.

"பரவால்ல அண்ணி, புரிஞ்சுது. நீங்க யோசிக்கற அளவுக்கு நாங்க வெளியாளாயிட்டோம். லாட்ஜ்லயே தங்கிக்கறோம்."

சிமெண்ட் பெஞ்ச்

நாத்தனாரைச் சமாதானப்படுத்தவே இரண்டு நாள் போயிற்று. வீட்டில் இருந்தால் யோசனை ஓடாது என்று ஏழாம் நாள் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் தனியாக நடந்தேன். சாதாரண நாள், கூட்டம் இல்லை. அடி அண்ணாமலை வந்ததும் ஒரு சிமெண்ட் பெஞ்சில் காலை மடித்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். நைட் டியூட்டி. ஹாஸ்டல் சாப்பாடு. எட்டாம் வகுப்பில் ரத்தத்தைப் பார்த்துக் கீர்த்தனா மயங்கி விழுந்தது. ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தது. பரவாயில்லையே, நமக்கும் யோசிக்க வருகிறதே என்று பூரித்துப்போனேன்.

இந்த ஊரில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவளை ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பவள் என்று யார் நினைப்பார்கள்? சாயம் போன ஆரஞ்சுப் புடவை வேறு. காலடியில் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் இரண்டு வாழைப்பழம், எதிரே கும்பிட்டபடி வெளியூர் அம்மாக்கள் இரண்டு பேர். "தாயே, என் பையனுக்கு எப்போ கல்யாணம் ஆகும்?" என்றாள் ஒருத்தி.

"ஆவணியில" என்றேன். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், வாயில் வந்துவிட்டது. நான் யாரும் இல்லை, இங்கே பக்கத்தில்தான் வீடு என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட வந்தவளிடம் திரும்பினாள்.

"பாத்தியா, கொஞ்சம்கூட யோசிக்கல. அதான் அருள்வாக்கு!"

பேனாவும் கையுமாக

பத்தாம் நாள் காலை. என் நோட்டில் "சேரலாம்" பக்கத்தில் ஐந்து காரணம், "வேணாம்" பக்கத்தில் ஐந்து காரணம். இரண்டு பக்கத்தையும் நாலு தடவை படித்தாயிற்று, குழப்பம்தான் மிச்சம். கீர்த்தனா சர்ட்டிஃபிகேட் கவரை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளம்பு, பஸ்ல யோசிச்சுக்கறேன்" என்றேன். போளூரில், "முடிஞ்சுதாம்மா?" என்றாள். இல்லை. வேலூரிலும் இல்லை.

கல்லூரி ஆபீஸில் கிளார்க் அம்மா படிவத்தை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"உனக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமேடி?"

"அது எட்டாங் கிளாஸ்லம்மா."

"இப்போ?"

உடனே "வராது" என்று சொல்லியிருக்கலாம். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கவரின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள். "தெரியலம்மா. வந்தாலும் வரும். வந்தா முகம் கழுவிட்டுத் திரும்பப் போவேன். பி.காம். கிளாஸ்ல மயக்கமே வரல, ஆனா ஒரு நாள்கூட திரும்பப் போகணும்னு தோணல."

நோட்டில் இருந்த பத்துக் காரணத்தில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை. அவளைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே. போட்டேன் கையெழுத்து. காட்டிய இடத்தில், காட்டாத இடத்தில், மூன்று பக்கத்திலும் சரசரவென்று. கீர்த்தனா என் முந்தானையைப் பிடித்தவள் விடவில்லை. கிளார்க் அம்மா படிவத்தை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இவ்ளோ நேரம் யோசிச்சுட்டு, ஒரு வரிகூடப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்களே!"

யோசிக்காமல் இருந்த வருஷங்களில் எனக்கு எதிலும் சந்தேகம் வந்ததே இல்லை. இப்போது நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம், ராத்திரிக்கு உலை வைக்க வேண்டும் என்பதுதான்.