கொஞ்சங் கொஞ்சமா கெட்டுப்போறதுக்கு என்ன தமிழ்?

மொழிபெயர்க்கிறவளுக்கு ரெண்டு பக்கமிருந்தும் ஏச்சு விழும். இந்தப் பொழப்புல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. எங்க தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டொக்டர் சிங்களவர், தங்கமான மனுசன். ஆனா உடம்புல எது கெட்டாலும் அவர் வாயில வர்றது ஒரே இங்கிலீசு வார்த்தைதான்: 'டிடீரியரேட்'. கொஞ்சங் கொஞ்சமா கெட்டுப்போகுதுன்னு அர்த்தம். அப்பிடியே சொன்னா சனம் பயந்து போயிரும். ஆளுக்கேத்த தமிழை நாந்தான் தேடணும்.

முழங்கால்

கொழுந்தெடுக்கிற ராசம்மாக்காவோட எக்ஸ்ரேயைப் பார்த்து டொக்டர் அதையே சொன்னாரு. முட்டி தேஞ்சிருக்குக்கா, மலையேறுறத கொறைக்கணுமாம்னேன். அக்கா என்னைய மேலயும் கீழயும் பார்த்தாங்க. "மலையைக் கொஞ்சம் தேய்ச்சு விடச் சொல்லுங்க தங்கச்சி, நான் ஏறிக்கிறேன்."

காது

ஃபெக்டரியில மெசினோட வேலை பார்த்த ஒரு அண்ணன். காது மந்தமாகிட்டே வருதுன்னு நான் கத்தினது வெளிய வரிசையில இருந்தவங்களுக்கெல்லாம் கேட்டுச்சு, அவருக்கு மட்டும் கேக்கல. எனக்கு எரிச்சல் வேற. கூட வந்த மக என்னைய அவருக்கு நேரா நகத்தி உக்கார வச்சா. "கத்தாதீங்கக்கா, மெசின் சத்தத்துல பழகினவரு, வாயைப் பார்த்தே அப்பா வெளங்கிக்குவாரு."

நெனப்பு

செபமாலையக்கா புருசன் அந்தோணியண்ணன் வேலையை விட்டு நின்னு ரொம்ப நாளாச்சு. ஆனாலும் விடியக்காலையில, வேலைக்கு ஆள் பிரிச்சு விடுற பெரட்டுக்களத்துல போயி நின்னுக்குவாரு. கொழும்புல இருக்கிற மகன், அப்பாவை அங்க ஒரு முதியோர் இல்லத்துல விட்டுருவோம்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அக்காவுக்கு மனசில்ல. டொக்டர் வழக்கமான வார்த்தையைச் சொன்னாரு. எனக்குத் தமிழே வரல. நெனப்பு கொறைஞ்சுக்கிட்டே போகும்க்கான்னு எப்பிடியோ சொல்லிட்டேன்.

பெரட்டுல என்ன செய்வாருன்னு டொக்டர் கேட்டாரு. கங்காணி நல்ல மனுசனாம். எல்லாரோடயும் சேர்த்து அண்ணன் பேரையும் கூப்பிட்டு, இன்னைக்கு உங்களுக்கு செபமாலை வீட்டு போஞ்சிப் பாத்தின்னு அனுப்பி வைப்பாராம். அண்ணனும் நேரா வந்து வேலை செய்வாராம். அப்ப எங்கயும் அனுப்ப வேணாம், இவரு வீட்டுலயே இருக்கட்டும், மகன்கிட்ட நானே பேசுறேன்னுட்டாரு டொக்டர். அக்கா கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. உங்களையாவது அடையாளம் தெரியுதான்னு கேட்டேன். "தெரியல தங்கச்சி, ஆனா அந்தியில மம்பட்டியைக் கழுவி வச்சிட்டு, 'நாளைக்கும் என்னைய இந்த வீட்டுக்கே போடச் சொல்லுங்கம்மா'ங்கிறாரு."

அதைச் சிங்களத்துல கேக்க டொக்டர் காத்துக்கிட்டிருந்தாரு. மூக்கைச் சிந்திக்கிட்டே மொழிபெயர்க்கிறதுக்கு எங்க வேலையில தனிச் சம்பளம் கிடையாது.