எதிர் வீட்டுக் கால் மிஷின்

தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவளை ஊசியை விட எதிர் வீட்டு மிஷின்தான் அதிகம் குத்தும். பக்கத்திலேயே இன்னொரு கடை முளைத்து வயிறெரிந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

ரெண்டு கையும் சும்மா

ராஜபாளையத்தில் பஞ்சு மில் வந்தபின் பெண்களும் சங்குச் சத்தம் கேட்டு வேலைக்கு ஓடினார்கள். அதுவரை ரவிக்கையே போடாதவர்கள்கூட ஆளுக்கு இரண்டு தைக்கக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் மிஷின் இருந்தது என்னிடம் மட்டும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளியில் தையல் படித்துவிட்டு வாங்கிய கை மிஷின். வலது கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இடது கையால் துணியைத் தள்ள வேண்டும்.

ஒரு நாள் எதிர் வீட்டு ரோசம்மாளுக்கு அவள் புருஷன் மதுரையிலிருந்து கால் மிஷின் கொண்டுவந்து இறக்கினான். தெருவே போய்ப் பார்த்தது. நானும் ஊசி இரவல் கேட்கிற சாக்கில் போனேன். அவள் மிதிக்க மிதிக்க, தையல் கோடு போட்டது மாதிரி ஓடியது. வீடு திரும்பினால், என்னிடம் துணி கொடுத்திருந்த மில்காரி பேச்சியம்மாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எக்கா, கோவிச்சுக்காதிய. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கு, துணியை நேராப் பிடிக்கா. ஒங்களுக்கு ஒத்தைக் கைதான இருக்கு!"

குழாயடிப் பேச்சு

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் குழாயடியில் வாய் சும்மா இருக்கவில்லை. "கால் மிஷின் மிதிச்சா கர்ப்பம் தங்காதாம்லா, மதுரையில டாக்டரம்மாவே சொன்னாகளாம்" என்று போட்டுவிட்டேன். எந்த டாக்டரம்மாவும் எதுவும் சொல்லவில்லை. ரோசம்மாளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அது தெரிந்துதான் சொன்னேன்.

ஒரே வாரத்தில் எதிர் வீட்டில் மிஷின் சத்தம் நின்றது. துணியெல்லாம் என்னிடம் திரும்பி வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அவள் மாமியார் அன்னம்மாள் என் வாசலுக்கு வரும்வரை.

"ஏட்டி எஸ்தரு, அந்தச் சனியனை நீயே எடுத்துக்கிடு. ஒனக்குத்தான் மூணு பிள்ளை ஆயிருச்சே, இனி மிதிச்சா என்ன?"

அன்னம்மாள் கேட்டது

எத்தனை நாள் ஆசைப்பட்ட மிஷின்! சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால், எதிர் வாசலில் ரோசம்மாள் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சித்தி, அம்புட்டும் பொய். நான்தான் கட்டிவிட்டேன். பொறாமையில சொன்னது" என்றேன். அன்னம்மாள் திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ திரும்பி ரோசம்மாளைப் பார்த்தாள்.

"அப்பம் நான் எம் மருமவளைப் பேசின பேச்சையெல்லாம் இனி எங்க போய் அள்ளுவேன்?"

ரோசம்மாள் வந்தாள்

சாயங்காலம் ரோசம்மாள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தன் மிஷினில் என்னை உட்கார வைத்தாள். மிதித்தேன். சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் அறுந்தது. மூன்று தடவையும் அப்படியே.

அவள் சிரிக்கவில்லை. ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே சொன்னாள்:

"மதினி, ஆசைன்னா வந்து ஒரு நாள் மிதிச்சுப் பாத்திருக்கலாம்லா. எம் வயித்தைச் சொல்லியா எம் பொழைப்பை நிறுத்தணும்?"

தேவதானத்துக்காரி

எனக்கு வெட்டத் தெரியும், அவளுக்கு அது சரியாக வராது. நான் வெட்ட, அவள் தைக்க என்று ஆயிற்று. பேச்சு மட்டும் திரும்ப வெகுநாள் பிடித்தது. ஒரு நாள் தேவதானத்திலிருந்து ஒருத்தி கல்யாணத் துணியோடு வந்தாள். அளவெடுக்க எழுந்த என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நீங்க இருங்க. தைக்கிற அக்கா எங்க?"

செய்ததை ஒத்துக்கொண்டு, கூட்டாகத் தொழிலும் நடத்தி இத்தனை காலம் ஆன பிறகும், ரோசம்மாள் அந்த மிஷினில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.